பக்கத்து சீட்டில் ஆள் உண்டா?

காரின் புகையை மோந்து பார்க்கிற கருவியை விற்றுப் பிழைக்கிறேன் என்று சொன்னால் யாருமே பெண் கொடுக்க யோசிப்பார்கள்; நல்லவேளையாக, இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பே எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அப்பா துறைமுகத்தில் வேலை கிடைத்துத் தூத்துக்குடியிலிருந்து கொல்கத்தா வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது லேக் மார்க்கெட் பக்கம். கடை, கரியாஹாட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில். முருகேசன் என்று வீட்டில் வைத்த பெயரை இந்த ஊர் தன் வாய்க்குத் தகுந்தபடி ‘முருகேஷ்தா’ ஆக்கிக்கொண்டது; ‘தா’ என்றால் இங்கே அண்ணன். ஏதாவது ஒன்றை யார் தலையிலாவது கட்டிப் பிழைக்கிற அன்பர்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும் என்பதால் சொல்கிறேன்.

நான் விற்பதற்குப் பெயர் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார். கார் கம்பெனிக்காரர்கள் புகைக்குழாயில் வைத்து அனுப்புகிற சாதாரண சென்சாருக்கு இரண்டே வார்த்தைதான் தெரியும்: பெட்ரோல் அதிகம், பெட்ரோல் குறைவு. இஞ்சினைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வேகம் கூட்டுகிறவனுக்கு அது போதாது. எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு என்று எண்ணாகத் தெரிய வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதுதான் அந்த எண். எண் இறங்கினால் பெட்ரோல் கூடுகிறது, ஏறினால் குறைகிறது. முழு மிதியில், அதாவது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து, வண்டி இழுக்கும்போது எண் பன்னிரண்டரைப் பக்கம் நின்றால் இஞ்சின் பிழைக்கும். பதினான்கைத் தாண்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து. சென்சாரை விற்றதோடு விடாமல், எண்ணைப் பார்த்து லேப்டாப்பில் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்தும் கொடுக்கிறேன். இதற்கு ட்யூனிங் என்று பெயர்.

முதல் கேள்வி

எந்த சென்சார் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் இணையத்தில் சகலத்தையும் படித்துவிட்டுத்தான் வருவார்கள். அது ஜெர்மன் சரக்கா, எவ்வளவு வேகமாகப் பதில் சொல்லும், உதிரி கிடைக்குமா என்று அடுக்குவார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “பக்கத்து சீட்ல உக்கார ஆள் இருக்கா?”

விளையாட்டுக்குக் கேட்பதல்ல. முழு மிதியில் போகும்போது ஓட்டுகிறவனின் கண் ரோட்டில்தான் இருக்க வேண்டும். எண்ணை இன்னொருவர் பார்த்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். ஆள் இருந்தால் டாஷ்போர்டில் பொருத்துகிற வட்ட மீட்டர் போதும். ஆள் இல்லையென்றால் எண்களைத் தானே பதிவு செய்துகொள்ளும் பெட்டியோடு வாங்க வேண்டும். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். சால்ட் லேக்கில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் நான் இப்படிக் கேட்டதும் என்னையே பார்த்தார். அவர் வங்காளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “பக்கத்துல உக்கார ஆள் இருந்தா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் ஏன் முருகேஷ்தா உங்க கடைல நிக்கறேன்?”

எரிகிற நிறம்

மீட்டரின் எழுத்து என்ன நிறத்தில் எரியும் என்பது இஞ்சினுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஆனால் இந்த ஊரில் கால்பந்து என்று ஒன்று இருக்கிறது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நான் காட்டிய நல்ல மீட்டரைக் கையில் வாங்கினார். பேட்டரியில் கொடுத்ததும் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தது. தேள் கொட்டிய மாதிரி கீழே வைத்துவிட்டார். அது ஊரின் ஒரு கால்பந்து அணியின் நிறம்; அவர் குடும்பம் பரம்பரையாக அதன் எதிரணியின் ரசிகர்கள். அவர் அணியின் பச்சை நிறத்தில் எரிவதும் உண்டு, ஆனால் அது வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, தெரியாவிட்டால் இஞ்சின் கெட்டுப்போகும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் தீர்மானமாகச் சொன்னார்: “என் வண்டிக்குள்ள அந்த நிறம் எரியறதுக்கு, என் இஞ்சினே எரியட்டும்.”

மலர் படித்த எண்கள்

என் சொந்த மீட்டர் பழைய வட்ட மீட்டர்தான். அதை வாடிக்கையாளரின் வண்டியில் தற்காலிகமாக மாட்டித்தான் வேலை செய்வேன். எனக்குப் பக்கத்து சீட்டில் ஆள் இருந்தது. மலர்விழி, என் மனைவி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. வாரமெல்லாம் கோப்பு பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்காக எண் பார்ப்பாள். நியூ டவுனின் அகல ரோடுகள் காலியாக இருக்கும் நேரத்தில் போய்விடுவோம். நான் ஓட்ட, வண்டிக்காரர் பின்னால் உட்கார, மடியில் பிளாஸ்கோடு மலர் என் பக்கத்தில். மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால் சில நொடிகள்தான் கிடைக்கும். அதற்குள் “பதிமூணு, பன்னெண்டு எட்டு, பன்னெண்டு அஞ்சு, அஞ்சு, அஞ்சு” என்று கீரைக் கட்டு எண்ணுகிற மாதிரி படித்துவிடுவாள். எண் கெட்டுப்போனால் ஒரே வார்த்தை: “விடுங்க.” என் கால் தானாக எழும்பிவிடும். அவள் குரலுக்கும் என் காலுக்கும் நடுவில் என் மூளைக்கு வேலையே இருந்ததில்லை.

வண்டிக்காரர் பயந்துவிடக் கூடாதென்று தமிழில்தான் படிப்பாள். ஒரு நாள் பின் சீட்டில் ஒரு டாக்டர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத வங்காளி. பாதி இழுப்பில் மலர் “விடுங்க” என்றாள். ஓரமாக நிறுத்தினேன். “பதினாலு தாண்டிருச்சு. பெட்ரோல் பம்பு போயிருக்கும்போல. இப்பவே சொல்லி அவரைக் கலவரப்படுத்தாதீங்க” என்றாள், காய்கறி விலை சொல்கிற அதே குரலில். பின்னாலிருந்து டாக்டர் முன்னால் சாய்ந்தார். வங்காளிகள் அண்ணியை பௌதி என்பார்கள். என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் மலர் பௌதிதான். டாக்டர் சொன்னார்: “பௌதி, நானும் நோயாளி முன்னாடி நர்ஸ்கிட்ட இதே குரல்லதான் பேசறேன். பிழைக்குமா, பிழைக்காதா, அதை மட்டும் சொல்லிடுங்க.”

கொடுத்து வைத்தவர்கள்

மலருக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல் வந்தது. அவள் பிறந்த ஊர் அதற்குப் பக்கத்தில்தான். அதனால் சொன்ன இடமெல்லாம் வாழ்த்துத்தான். நாட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பிய்த்து எறிகிறார்களே என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கூடப் போயிருக்கலாமே என்பீர்கள். போய் யாருடைய இஞ்சினை ட்யூன் பண்ணுவது? என்னை நம்பி வண்டியை விடுகிறவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். கொஞ்ச காலம் போய் இருந்துவிட்டு, மறுபடி கொல்கத்தாவுக்கே கேட்டு எழுதுவது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். பேசும்போது அது சுலபமாகத்தான் இருந்தது.

அவளை ஹவுராவில் ரயில் ஏற்றிவிட்டு வந்த மறுநாள், லேக் மார்க்கெட்டில் வழக்கமாகக் காப்பிப் பொடி வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நம்ம ஊர்க்காரர். “சொந்த ஊருக்கே போட்டுட்டாங்களாமே, குடுத்து வெச்சவங்கப்பா நீங்க” என்று ஆரம்பித்தவர், அவள் மட்டும்தான் போயிருக்கிறாள் என்றதும் நிறுத்திக்கொண்டார். அரைத்த பொடியைப் பொட்டலத்தில் போட எடுத்த கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப இனிமே கால் கிலோ போதுமா, தம்பி?”

பௌதியின் இடத்தில்

பக்கத்து சீட்டுக்கு ஆள் தேட ஆரம்பித்தேன். முதலில் என் கடை மெக்கானிக் பிஸ்வஜித். இஞ்சினைக் கழற்றிக் கோப்பதில் கெட்டிக்காரன். ஆனால் வண்டி வேகம் எடுத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எண்களுக்குப் பதிலாக அம்மன் பெயர்களைப் படித்தான். நிறுத்தி, என்ன எண் என்று கேட்டால், “நல்ல எண்தான்” என்றான்.

அடுத்து ஒரு பாங்க் அதிகாரி தன் மனைவியையே கூட்டி வந்தார். அம்மாளுக்கு நல்ல கண், நல்ல குரல். எண் இறங்கினால் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்று அர்த்தம் என்று சொல்லிக் கொடுத்ததுதான் நான் செய்த தப்பு. மீட்டர் பதினொன்றைக் காட்டியதும் எண்ணை விட்டுவிட்டு, பின் சீட்டில் இருந்த கணவரைப் பிடித்துக்கொண்டார். வண்டி எவ்வளவு குடிக்கிறது, யார் இதை வாங்கச் சொன்னார்கள், போன வருஷம் டார்ஜிலிங் போகலாம் என்றதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. அவரும் சளைக்கவில்லை. நான் நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், எரிச்சல் வரவில்லை, பொறாமையாக இருந்தது. ஒரே காருக்குள் உட்கார்ந்து சண்டை போட முடிகிறதே என்று. நான் பெட்ரோலைக் குறைத்து, எண் பன்னிரண்டரைக்கு வந்ததும் அம்மாள் என்னிடம் சொன்னார்: “கொஞ்சம் கம்மி, கொஞ்சம் மெதுவான்னு நானும் இவர்கிட்ட தலைதலையா அடிச்சுக்கறேன், உங்க இஞ்சின் ஒரே தடவைல கேட்டுக்குதே!”

பூஜை நாள் காற்று

வைட்பேண்டைப் புதிதாக மாட்டும்போது முதலில் அதை வெளிக்காற்றில் சூடாக்கி, ‘இதுதான் சுத்தமான காற்று, நினைவில் வைத்துக்கொள்’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதை அளவாக வைத்துத்தான் அது புகையை எடை போடும். இந்த வேலையை மலர்தான் செய்வாள். சென்சாரையும் ஒரு ஸ்கூட்டர் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு கடைக்கு மேலே இருக்கும் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அங்கே துணி காய்ந்துகொண்டிருக்கும், பக்கத்து வீட்டு மாமரம் தெரியும். வேலை முடிந்தாலும் சட்டென்று இறங்கி வரமாட்டாள். நானும் ஏதோ சாக்கில் மேலே போவேன்.

அவள் போன பிறகு விஸ்வகர்மா பூஜை வந்தது; நம்ம ஊர் ஆயுத பூஜை மாதிரி. அன்று ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் ஸ்பேனரைத் தொட மாட்டார்கள். மொட்டை மாடிகளிலெல்லாம் பட்டம் விடுகிற கூச்சல். ஒரு வாடிக்கையாளர் தன் புது சென்சாரை எங்கள் கடையில் வைத்திருந்த சாமி முன்னால் வைத்து, அங்கேயே முதன்முதலாக உயிர் கொடுக்க வேண்டும் என்று அடம் பிடித்தார். எனக்குத் தனியாக மாடி ஏறப் பிடிக்கவில்லை. சரி, இங்கேயே காற்றைக் காட்டிவிடலாம் என்று பேட்டரியில் கொடுத்துவிட்டேன். பிஸ்வஜித் மண்சட்டியில் சாம்பிராணியைக் குவித்துப் போட்டு, விஸ்வகர்மாவின் வாகனமான யானைகூடத் தெரியாத அளவுக்குப் புகை போட்டிருந்தான். அந்தப் புகையைத்தான் சுத்தமான காற்று என்று சென்சார் கற்றுக்கொண்டது. மறுநாள் வண்டியில் மாட்டினால், இருப்பதைவிட அதிகமாகப் பெட்ரோல் இருப்பதாகக் காட்டியது. நம்பி நான் பெட்ரோலைக் குறைக்க, இஞ்சின் உள்ளே தட்ட ஆரம்பித்தது. நல்லவேளை, காது இருந்ததால் பிழைத்தேன். சென்சாரைக் கழற்றிக் கையில் கொடுத்ததும் பிஸ்வஜித் அதைப் பக்தியோடு பார்த்தான். “சாமி புகையை மோந்த மூக்கு, முருகேஷ்தா. இனிமே பெட்ரோல் வாசனையெல்லாம் அதுக்கு எங்க பிடிக்கப்போகுது? பௌதி இருந்தா மாடிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க.”

நாகர்கோவிலிலிருந்து நேரலை

மலருக்கே ஒரு யோசனை தோன்றியது. போனை மீட்டருக்கு எதிரில் பொருத்தி, வீடியோ காலில் அவளைக் கூப்பிட வேண்டியது. அவள் அங்கிருந்தே எண்ணைப் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை, அதே நியூ டவுன் ரோடு. ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் கார். அவர் பின்னால் உட்கார்ந்து ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. பின்னால் ஏதோ கோவில் மணி, யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். “ம், மிதிங்க” என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த வார்த்தை. மிதித்தேன்.

எண்கள் வந்தன. ஆனால் தாமதமாக வந்தன. நான் காலை எடுத்து, பிரேக் பிடித்து, ஓரமாக நிறுத்திய பிறகும் அவள் “பன்னெண்டு ஆறு, பன்னெண்டு அஞ்சு” என்று படித்துக்கொண்டிருந்தாள். அவள் “விடுங்க” என்று சொல்லும்போது நான் விட்டு வெகு நேரமாகியிருந்தது. மறுபடி முயன்றோம். சில சமயம் படம் உறைந்துவிடும், அவள் பழைய எண்ணையே நம்பிக்கையோடு திரும்பத் திரும்பச் சொல்வாள். இது இஞ்சினுக்கு உதவாது என்று முதல் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தேவையில்லாமல் இன்னும் சில தடவை ஓட்டினேன். எனக்கு எண் வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். பேராசிரியர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டவர் மாதிரி பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பௌதி சொல்றதெல்லாம் சரிதான், முருகேஷ்தா. ஆனா அது நாம தாண்டி வந்த பஸ் ஸ்டாப்போட நம்பர்.”

பெட்டி

கொல்கத்தாவுக்குத் திரும்ப மாற்றல் கேட்டு மலர் எழுதியிருந்தாள். துர்கா பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் பதில் வந்தது. போனில் அவள் அதைச் சொன்ன விதத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பம்பு போய்விட்டது என்று சொன்ன அதே குரல். “இந்தத் தடவை இல்லையாம். அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம்னாங்க. சாப்பிட்டீங்களா?” நானும் “ஆச்சு” என்றேன். அன்று சாப்பிடவில்லை. அடுத்த வருஷமும் இதையேதான் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவள் இனி வரவே மாட்டாளோ என்ற பயத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாக வாய்விட்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேலையோ தேங்கிக் கிடந்தது. முழு மிதியில் பார்க்க வேண்டிய வண்டிகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பிஸ்வஜித் தினமும் நச்சரித்தான். ஊருக்கெல்லாம் சொல்கிற யோசனையை நாமே கேட்காவிட்டால் எப்படி என்று, ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, தானே பதிவு செய்துகொள்ளும் பெட்டியோடு ஒரு புது வைட்பேண்டை என் உபயோகத்துக்கென்று வரவழைத்தேன்.

பூஜை லீவுக்கு மலர் வந்தாள். ரயில் களைப்புக்கூடத் தீராமல் மறுநாளே கடைக்கு வந்து, மேஜையைத் துடைத்தாள், பிஸ்வஜித்தின் குழந்தைகளை விசாரித்தாள். அலமாரியில் இருந்த புதுப் பெட்டி கண்ணில் பட்டது. யாருக்கு என்று கேட்டாள். நமக்குத்தான் என்றேன். வியாபாரி புத்தி, யாரிடம் பேசுகிறோம் என்பதை மறந்து வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டேன்: தாமதமே கிடையாது, ஓர் எண்ணும் தப்பாது, எல்லாவற்றையும் தானே எழுதிக்கொள்ளும், பக்கத்தில் யாருமே உட்கார வேண்டாம். மலர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள், ஆனால் முடியவில்லை. “அப்ப என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டீங்க, அப்படித்தானே?”

எந்த சென்சார் வாங்கலாம் என்று ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற நான், எனக்கென்று வாங்கியதை மட்டும் இன்னும் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, முழு மிதியில் பார்க்க வேண்டிய அத்தனை வண்டிகளையும் நாகர்கோவிலில் இருக்கும் ஒருத்தியின் அடுத்த லீவு வரைக்கும் காக்க வைத்திருக்கிறேன்.